பழைய புத்தகமும் புதிய புத்தகமும் ஒரே மேசையில்: சிறு பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். நான் புரூஃப் பார்ப்பவன், அச்சுக்குப் போகும் முன் பிழை திருத்துகிறவன். பதினைந்து வருடத்துக்கு மேலாக உங்களில் சிலருடைய புத்தகங்களை, அவை புத்தகமாவதற்கு முன்பே, ஏ4 தாளில் அடித்த பிரதியாக வரி வரியாகப் படித்து வருகிறேன். ஒரு சின்ன அறையை வாடகைக்குப் பிடித்து, புத்தகக் கட்டுகளுக்கு நடுவே ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, பகலெல்லாம் வேறு வேலை பார்த்துவிட்டு ராத்திரியில் பதிப்பகம் நடத்துகிறவர்கள் உங்களில் எத்தனையோ பேர். அந்த உழைப்பைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

சென்னைப் புத்தகக் காட்சிக்கான வேலைகள் தொடங்கிவிட்டன. இந்த வருடம் எத்தனை மறுபதிப்பு, எத்தனை புதுப் புத்தகம் என்று ஒவ்வொருவரும் பட்டியல் போட்டுக்கொண்டிருப்பீர்கள். என் மேசைக்கு முன்பெல்லாம் பத்துப் பிரதி வந்தால் அதில் இரண்டோ மூன்றோதான் பழைய நூலாக இருக்கும். இப்போது பாதிக்குமேல் பழசு. சில பதிப்பகங்களில் இருந்து இரண்டு வருடமாகப் புதிய எழுத்தாளர் ஒருவருடைய பிரதிகூட வரவில்லை. வேறு சில இடங்களில் இதற்கு நேர்மாறு, பழைய புத்தகம் பக்கமே போவதில்லை, வருகிற கவிதைத் தொகுப்புகளை எல்லாம் ஐம்பது ஐம்பது பிரதியாக அடித்துத் தள்ளுகிறார்கள். இரண்டுமே எனக்குக் கவலையாக இருக்கிறது.

மறுபதிப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஒரு சிறு பதிப்பகம் உயிரோடு இருப்பதே பல நேரம் அதனால்தான். எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டு முடிந்துவிட்டால் அந்த நூல் பொதுச்சொத்து. நம் அரசு நாட்டுடைமை ஆக்கியிருந்தால் அந்தக் காத்திருப்பும் தேவையில்லை. பாரதியின் எழுத்துகளை 1949இல் அரசு வாங்கி, பிறகு எல்லோருக்கும் பொதுவாக்கியதில் தொடங்கிய வழக்கம் அது. பாரதிதாசன், கல்கி, புதுமைப்பித்தன் என்று அந்த வரிசை நீண்டு, இன்று யார் வேண்டுமானாலும் அவர்களை அச்சிடலாம். ராயல்டி கிடையாது, ஒப்பந்தம் கிடையாது, பெயரைத் தெரியாத வாசகர் கிடையாது. 160 பக்கம் என்றால் டெமி அளவில் பத்து பாரம் (ஒரு பாரம் பதினாறு பக்கம்), தாளும் அச்சுக்கூலியும் பைண்டிங்கும்தான் செலவு. கடைக்காரருக்கு மூன்றில் ஒரு பங்குக்குமேல் கழிவு கொடுத்து, புத்தகக் காட்சியில் வாசகருக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி கொடுத்த பிறகும் ஏதோ ஒரு சிறு தொகை கையில் நிற்கும். அந்தத் தொகையில்தான் அடுத்து யாரும் கேள்விப்படாத ஒருவருடைய முதல் நாவலைப் போட முடியும். இந்தக் கணக்கு உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

பிரச்சினை எங்கே என்றால், எல்லோரும் அதே நாலு பேரைத்தான் போடுகிறார்கள். பொன்னியின் செல்வனை எடுத்துக்கொள்ளுங்கள். 1950இல் தொடங்கி 1954 வரை கல்கி பத்திரிகையில் தொடராக வந்த கதை, சினிமா வந்த பிறகு அதன் விற்பனை எங்கேயோ போய்விட்டது. சந்தோஷம்தான், புத்தகம் பக்கமே வராத பிள்ளைகள் அதன்மூலம் வந்தார்கள். ஆனால் புத்தகக் காட்சியில் ஒரு வரிசையில் நடந்தால் ஸ்டாலுக்கு ஸ்டால் அதே ஐந்து பாகம், ஒருவர் விலையை ஐம்பது ரூபாய் குறைத்தால் பக்கத்து ஸ்டாலில் எழுபது. பெரிய பதிப்பகம் ஆயிரக்கணக்கில் அடித்து அந்த விலைக்குக் கொடுத்துவிடும். 300 பிரதி அடிக்கிற நீங்கள் எப்படிக் கொடுப்பீர்கள்? தாளைக் குறைப்பீர்கள், எழுத்தின் அளவைக் குறைப்பீர்கள், புரூஃபை விட்டுவிடுவீர்கள். கடைசியில் அந்த மறுபதிப்பில் இருந்து அடுத்த புத்தகத்துக்கான காசும் வராது.

யாரும் கைவைக்காத பழைய புத்தகங்கள் எவ்வளவு இருக்கின்றன! வை.மு.கோதைநாயகி அம்மாள் 115 நாவல் எழுதியவர், ‘ஜகன்மோகினி’ பத்திரிகையை நடத்தியவர். 1960இல் மறைந்தார். 2020ஆம் ஆண்டோடு 60 ஆண்டுக் கணக்கும் முடிந்துவிட்டது. அந்த 115இல் இன்றைக்கு ஒரு கடைக்குப் போய்க் கேட்டால் கைக்குக் கிடைப்பது எத்தனை? எல்லாமே நல்ல நாவல் என்று நான் சொல்ல மாட்டேன், நான் படித்தவற்றில் சில சுமாரானவைதான். ஆனால் யாராவது உட்கார்ந்து படித்து, இதில் இந்த நாலு நாவல் இன்றைக்கும் நிற்கும் என்று தேர்ந்தெடுத்து, ஏன் நிற்கும் என்று ஒரு முன்னுரையும் எழுதினால் அதுதானே பதிப்பாளர் செய்கிற வேலை. சென்னையில் கன்னிமாரா நூலகம் இருக்கிறது, கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாள் முழுவதும் சேர்த்தது தரமணியில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததில் கிட்டத்தட்ட 97,000 நூல்களை இழந்த ஈழத் தமிழர்கள், 2005இல் இருந்து நூலகம் திட்டத்தின் வழியாகத் தங்களுடைய பழைய நூல்களையும் இதழ்களையும் ஸ்கேன் செய்து இணையத்தில் சேர்த்துக்கொண்டே வருகிறார்கள். அத்தனையும் கிடக்க, நாம் திரும்பத் திரும்பக் கல்கியின் பார்த்திபன் கனவை அச்சிட்டுக்கொண்டிருக்கிறோம்.

ப.சிங்காரத்தை நினைத்துப் பாருங்கள். சிங்கம்புணரிக்காரர், சின்ன வயதில் இந்தோனேசியாவுக்குப் போய் மெடானில் வேலை பார்த்தவர், திரும்பி வந்து மதுரையில் தினத்தந்தியில் வேலை. அவர் எழுதியது இரண்டே நாவல்கள். ‘கடலுக்கு அப்பால்’ 1959இல் வந்தது. ‘புயலிலே ஒரு தோணி’ எழுதி முடித்துப் பல வருடம் பதிப்பாளர் கிடைக்காமல் கிடந்து, 1972இல்தான் புத்தகமானது. வந்த பிறகும் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. அதற்குப் பிறகு அவர் எழுதவேயில்லை. 1997இல் அவர் மறைந்த பிறகு, தமிழினி பதிப்பகம் இரண்டு நாவலையும் சேர்த்து மறுபதிப்பாகக் கொண்டுவந்தது, ஒரு தலைமுறையே அதைத் தேடிப் படித்தது. இன்றைக்குத் தமிழின் முக்கியமான நாவல்களை யார் பட்டியல் போட்டாலும் அது இருக்கிறது.

இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் மறுபதிப்பின் பெருமை என்று சொல்லி முடித்துவிடுகிறோம். எனக்கு அது பாதிக் கதையாகத்தான் படுகிறது. 1962இலோ 1965இலோ கைப்பிரதியாக அது ஒரு பதிப்பாளரின் மேசையில் கிடந்திருக்கும் இல்லையா, அந்த மேசையைத்தான் நான் நினைத்துக்கொள்வேன். அன்றைக்கே ஒருவர் எடுத்துப் போட்டிருந்தால் சிங்காரம் மூன்றாவது நாவல் எழுதியிருப்பாரோ என்னவோ. இப்போது உங்கள் மின்னஞ்சலில் திறக்காமல் கிடக்கிற கோப்புகளில் அப்படி ஒன்று இருக்கலாம். மறுபதிப்பு மட்டும் போடுகிற பதிப்பகம் அதைத் திறக்கவே போவதில்லை. வருவதை எல்லாம் அடித்துக் கொடுக்கிற பதிப்பகம் திறக்கும், ஆனால் படிக்காது.

சரி, இப்போது என் தொழிலுக்கு வருகிறேன்.

“ஏற்கெனவே அச்சான புத்தகம்தானே சார், இதற்கு எதற்கு புரூஃப்?” இதை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. பழைய புத்தகத்தை ஸ்கேன் செய்து, படத்தில் இருக்கிற எழுத்தைக் கணினி எழுத்தாக மாற்றும் எழுத்துணரியில் போட்டு, வருகிற கோப்பை அப்படியே பக்க வடிவமைப்புக்கு அனுப்பிவிடுகிறார்கள். பழைய தாளில் புள்ளி மங்கியிருக்கும். புள்ளி போன ‘ர்’ கணினியின் கண்ணுக்குத் துணைக்காலாகத் தெரியும். ‘அவர்கள்’ உடனே ‘அவாகள்’ ஆகிவிடும். முன்னால் இரட்டைக் கொம்பு இருந்தால் இன்னும் மோசம், ‘சேர்ந்து’ ‘சோந்து’ ஆகும், ‘நேர்மை’ ‘நோமை’ ஆகும். இவையாவது படிக்கிறபோது கண்ணில் இடறும். ‘நாலு பேர்’ என்பது ‘நாலு போ’ ஆகும்போது, போ என்பதும் ஒரு சொல்தானே, பிழைதிருத்தும் மென்பொருளும் அதை விட்டுவிடும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய புத்தகம் என்றால், யானைத் துதிக்கை மாதிரி மேலே சுழித்த லையும் ளையும் னையும், கால் ஒட்டி வளைந்த ணாவும் றாவும் இருக்கும், அவற்றை எழுத்துணரி என்னவென்று எடுத்துக்கொள்ளும் என்று சொல்லவே முடியாது.

ஒரு முறை நூறு வருடத்துக்கு முந்திய ஒரு குடும்ப நாவல். பேச்சுவழக்கு முழுக்க தஞ்சாவூர்ப் பக்கத்து அக்ரஹாரத் தமிழ். அதில் ‘அவா’ என்று எழுதினால் அது கதாபாத்திரத்தின் பேச்சு. ‘அவர்’ என்று எழுதினால் கதை சொல்கிறவரின் நடை. புள்ளி போனால் இரண்டும் ஒன்றுதான். ஒவ்வொரு ‘அவா’வுக்கும் மூலப் பக்கத்தைப் பெரிதாக்கி, மேலே ஒரு மங்கல் தெரிகிறதா, தூசியா, புள்ளியா என்று பார்க்க வேண்டியிருந்தது. ஒரு நாளைக்கு எட்டுப் பக்கத்துக்குமேல் ஓடவில்லை. அந்தப் பதிப்பாளர் பொறுத்துக்கொண்டார், புத்தகம் ஒரு வருடம் தள்ளிப்போனது, பரவாயில்லை என்றார். இன்றைக்கும் அந்தப் பதிப்பைப் பார்த்தால் எனக்கு நிறைவாக இருக்கிறது.

எல்லோரும் பொறுப்பதில்லை. வேறொரு பதிப்பகம், பெயர் வேண்டாம். புத்தகக் காட்சிக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு பழைய நாவலின் கோப்பை அனுப்பினார்கள். படித்துக்கொண்டே போகிறேன், ஓர் இடத்தில் வாக்கியம் முறிகிறது. ஸ்கேன் பக்கங்களைத் திறந்தால் 112க்கு அடுத்தது 115. நடுவில் ஒரு தாள் இல்லை. கதையில் அந்த இடத்தில் ஒரு கடிதம் வர வேண்டும், அக்காள் தங்கைக்கு எழுதுகிற கடிதம், அடுத்த அத்தியாயம் முழுக்க எல்லோரும் அந்தக் கடிதத்தைப் பற்றித்தான் பேசிக்கொள்கிறார்கள். உடனே தொலைபேசியில் சொன்னேன், மின்னஞ்சலும் போட்டேன், இன்னொரு பிரதியைத் தேடலாம், ஒரு வாரம் கொடுங்கள் என்றேன். அச்சகத்தில் தேதி கொடுத்தாகிவிட்டது என்றார்கள். புத்தகம் வந்தது. 112ஆம் பக்கத்தின் கடைசி வரியையும் 115இன் முதல் வரியையும் இணைக்க ஒரு வாக்கியம் சேர்த்திருந்தார்கள். அது அந்த எழுத்தாளர் எழுதிய வாக்கியம் இல்லை. யார் எழுதியது என்று எனக்குத் தெரியாது. மறைந்துபோன ஒருவர் வந்து கேட்க முடியாது என்கிற ஒரே காரணத்தால் நம்மால் இதைச் செய்ய முடிகிறது என்பதுதான் என்னை ரொம்ப நாள் தூங்கவிடவில்லை.

இந்தத் தொழிலில் நமக்கு முன்னால் இருந்தவர்கள் யார் என்று நினைத்துப் பார்த்தால் இன்னும் வருத்தமாக இருக்கும். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்த சி.வை.தாமோதரம் பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். தொட்டால் ஓரம் உதிர்கிற, கட்டை அவிழ்த்தால் முறிகிற பனையோலை ஏடுகளை வைத்துக்கொண்டு செய்த வேலை அது. அதே ஆண்டில்தான் உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியைக் கொண்டுவந்தார். ஏட்டில் புள்ளி கிடையாது, காலுக்கும் ரகரத்துக்கும் வித்தியாசம் கிடையாது. எந்த எழுத்தைப் பார்த்து நான் இன்று கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்கிறேனோ அதே எழுத்தில்தான் அவர்களும் திண்டாடினார்கள். அவர்களிடம் பெரிதாக்கிப் பார்க்கிற திரை இல்லை, ஓர் ஊரில் இருந்து இன்னோர் ஊருக்கு ஏடு தேடிப் போவதற்கே நாட்கள் ஆகும். நமக்கு ஒரு தொலைபேசி அழைப்பில் இன்னொரு பிரதி இருக்கிற இடம் தெரிந்துவிடும்.

நவீன இலக்கியத்திலும் நல்ல முன்மாதிரி இருக்கிறது. 2000இல் காலச்சுவடு வெளியிட்ட புதுமைப்பித்தன் கதைகள் தொகுப்பில் ஆ.இரா.வேங்கடாசலபதி கதைகளைக் காலவரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றும் முதலில் எந்த இதழில் எப்போது வந்தது என்று குறித்து, பத்திரிகையில் வந்ததற்கும் புத்தகத்தில் வந்ததற்கும் உள்ள பாட வேறுபாட்டையும் கொடுத்திருக்கிறார். எல்லா மறுபதிப்பும் அந்த அளவுக்கு இருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை, அதற்கு ஆய்வாளர் வேண்டும், வருடக்கணக்கில் நேரம் வேண்டும். நான் கேட்பது ரொம்பச் சின்னது. பதிப்பு விவரம் போடுகிற இம்ப்ரிண்ட் பக்கத்தில் முதல் பதிப்பு எந்த ஆண்டு, எந்தப் பதிப்பகம், நீங்கள் எந்தப் பதிப்பைப் பார்த்து அடித்தீர்கள் என்று மூன்று வரி போடுங்கள். எழுத்துமுறையில் எதையாவது மாற்றியிருந்தால், சந்தி சேர்த்திருந்தால், வடமொழிச் சொல்லைத் திருத்தியிருந்தால் அதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். 1898இல் வந்த ஒரு நாவலின் இம்ப்ரிண்ட் பக்கத்தில் ‘முதல் பதிப்பு: டிசம்பர் 2021’ என்று மட்டும் போட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதை வாங்குகிற கல்லூரிப் பிள்ளை அது நேற்று எழுதிய கதை என்று நினைத்துக்கொண்டால் தப்பு யாருடையது?

இனிப் புதிய புத்தகங்களைப் பற்றி.

பாரதியை நாம் இன்று மறுபதிப்பு எழுத்தாளராகத்தான் நினைக்கிறோம், எத்தனை பதிப்பு வந்திருக்கிறது என்று எண்ணவே முடியாது. அவர் 1920இல் கடையத்தில் இருந்துகொண்டு நண்பர்களுக்குக் கடிதம் எழுதினார். தன் எழுத்துகளை 40 புத்தகங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி அச்சிடத் திட்டம், அதற்குக் கடனாகப் பணம் அனுப்புங்கள், வட்டியோடு திருப்பித் தருகிறேன் என்று கேட்டார். மண்ணெண்ணெய், தீப்பெட்டி மாதிரி வீட்டுக்கு வீடு போகும் என்று நம்பினார். பணம் சேரவில்லை. அடுத்த வருடம் செப்டம்பரில் அவர் இல்லை. பாரதியும் ஒருகாலத்தில் பதிப்பாளர் கிடைக்காத சமகால எழுத்தாளர்தான், அதுவும் தன் புத்தகத்துக்குத் தானே காசு திரட்ட வேண்டிய நிலையில்.

நூறு வருடம் கழித்தும் முதல் புத்தகம் போட வருகிற பையனிடமும் பெண்ணிடமும் நாம் அதையேதான் கேட்கிறோம். “இவ்வளவு ஆகும் தம்பி, பாதியை நீங்கள் போடுங்கள், ஐம்பது பிரதி உங்களுக்கு.” வாங்கிய காசுக்குப் புத்தகம் வந்துவிடும், ஆனால் யாரும் அந்தப் பிரதியைப் படித்து இந்த அத்தியாயம் இழுக்கிறது, இந்தக் கவிதை இன்னொருவருடைய கவிதையை ஞாபகப்படுத்துகிறது என்று சொல்ல மாட்டார்கள். காசு கொடுத்தவரிடம் எப்படிச் சொல்வது? பிறகு அந்தப் புத்தகத்தை விற்கவும் யாருக்கும் அவசரம் இருக்காது, போட்ட முதல் ஏற்கெனவே வந்துவிட்டதே. நான் புரூஃப் பார்த்த முதல் தொகுப்புகளில் நல்ல கவிஞர்கள் இருந்தார்கள். சிலர் இரண்டாவது தொகுப்புக்கு வரவேயில்லை. கையைச் சுட்டுக்கொண்ட பிறகு யார் வருவார்கள்.

மறுபதிப்பில் மிச்சம் பிடிப்பது இதற்குத்தானே. ராயல்டி கொடுக்க வேண்டாத புத்தகத்தில் இருந்து வருகிற காசில் ஒரு பகுதியை எடுத்து வைத்து, வருடத்துக்கு இரண்டே இரண்டு புதியவர்களை, அவர்களிடம் ஒரு பைசா வாங்காமல், ஒப்பந்தம் போட்டு, வழக்கமான பத்து சதவீத ராயல்டியும் கொடுத்துக் கொண்டுவாருங்கள். ஐந்து மறுபதிப்புக்கு இரண்டு புதுசு என்றால்கூடப் போதும். அந்த இரண்டும் ஐந்தைப் போலவே அதே தாளில், அதே கட்டில், அதே அளவு புரூஃபோடு வரட்டும்.

சி.சு.செல்லப்பா ‘எழுத்து’ இதழை 1959இல் தொடங்கிப் பதினோரு வருடத்துக்கு மேல் நடத்தினார். புதுக்கவிதையைத் தமிழில் நிலைநிறுத்திய இதழ். பத்திரிகையோடு நிற்காமல் எழுத்து பிரசுரம் என்று புத்தகமும் போட்டார், 1962இல் ‘புதுக்குரல்கள்’ என்று இளைஞர்களின் கவிதைகளைத் தொகுத்தார், பிறகு அந்தப் புத்தகக் கட்டுகளைத் தானே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். அந்த மாதிரித் தியாகத்தை உங்களிடம் யாரும் கேட்கக்கூடாது, நீங்கள் குடும்பம் நடத்த வேண்டும். ஆனால் அன்றைக்கு அவர் கையில் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது, நிச்சயமாக விற்கிற பழைய புத்தகம். க்ரியாவையும் பாருங்கள், 1974இல் ந.முத்துசாமியின் ‘நாற்காலிக்கார’ரோடு தொடங்கிய பதிப்பகம், இருபது வருடம் கழித்து 1994இல் இமையம் என்கிற புது ஆளின் ‘கோவேறு கழுதைகள்’ நாவலைக் கொண்டுவந்தது. நடுவில் 1992இல் தற்காலத் தமிழ் அகராதியை வேறு செய்து முடித்திருந்தார்கள். புதியவரின் பிரதிக்கும் அகராதிக்குக் கொடுத்த அதே கவனத்தைக் கொடுத்தார்கள். க்ரியா ராமகிருஷ்ணன் 2020 நவம்பரில், அகராதியின் மூன்றாவது பதிப்பு கைக்கு வந்த சில நாட்களில், கொரோனாவில் போய்விட்டார். அவரிடம் வேலை பார்த்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், ஒரு காற்புள்ளிக்காக எவ்வளவு நேரம் பேசுவார்கள் என்று.

அப்புறம், கிளாசிக் என்று நாம் சொல்வதெல்லாம் நூறு வருடத்துக்கு முந்தியதாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தபோது சமகால நூல். இன்று அது பாடப்புத்தகம், பல மொழிகளுக்குப் போய்விட்டது, மறுபதிப்பாக வந்துகொண்டே இருக்கிறது. ஜி.நாகராஜனின் ‘நாளை மற்றுமொரு நாளே’ 1974. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் சின்னச் சின்ன ஊர்களில் இருந்து வந்த எத்தனையோ நல்ல தொகுப்புகள் ஒரே பதிப்போடு நின்றுபோயின. அவற்றை எழுதியவர்கள் பலர் இப்போதும் நம்மோடு இருக்கிறார்கள். அந்தப் பழைய புத்தகத்தைப் போட்டால் ராயல்டி கொடுக்க வேண்டும் என்பதாலேயே யாரும் தொடுவதில்லை. கொடுத்தால்தான் என்ன? எழுபது வயதில் தன் முதல் சிறுகதைத் தொகுப்பின் இரண்டாம் பதிப்பைக் கையில் வாங்குகிற ஒருவர் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். பிரித்து முதல் கதையின் முதல் வரியைச் சத்தமாகப் படித்தார், பிறகு மூடி மடியில் வைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் பேசவே இல்லை.

விற்பனைக்கும் ஒன்று சொல்கிறேன், இது நான் ஒரு ஸ்டாலில் நாலைந்து நாள் உட்கார்ந்து பில் போட்டபோது பார்த்தது. பெரும்பாலான ஸ்டால்களில் மறுபதிப்புகளை எல்லாம் முன்மேசையில் அடுக்கிவிட்டு, புதிய புத்தகங்களை உள்சுவரின் கீழ்த்தட்டில் வைக்கிறார்கள். முன்மேசைக்கு வருகிறவர் புதுமைப்பித்தனை எடுத்து, காசு கொடுத்து, அப்படியே போய்விடுவார். நாங்கள் மூன்றாவது நாள் அதை மாற்றினோம். பழைய சிறுகதைத் தொகுப்புக்குப் பக்கத்தில் திருநெல்வேலிக்காரப் பெண் ஒருவரின் முதல் சிறுகதைத் தொகுப்பு, பழைய நாவலுக்குப் பக்கத்தில் புது நாவல். ஒரு காலேஜ் பெண் வந்தார், புதுமைப்பித்தனை எடுத்தார், பக்கத்தில் இருந்ததைப் புரட்டினார், நின்றபடியே இரண்டு பக்கம் படித்தார், பர்ஸில் இருந்த காசை எண்ணிப் பார்த்துவிட்டுத் தோழியிடம் ஐம்பது ரூபாய் கடன் வாங்கி இரண்டையும் எடுத்துப் போனார். அன்று சாயங்காலத்துக்குள் அந்த முதல் தொகுப்பு ஒன்பது பிரதி போனது. அதற்கு முந்திய இரண்டு நாளில் ஒன்றுகூடப் போகவில்லை.

இதையே முன்னுரையிலும் செய்யலாம். பழைய நூலுக்குப் பேராசிரியர் முன்னுரைதான் என்று இல்லாமல், நீங்கள் போடுகிற இளைய எழுத்தாளர் ஒருவரையே எழுதச் சொல்லுங்கள். கோதைநாயகி அம்மாளை இன்று நாவல் எழுதுகிற ஒரு பெண் எப்படிப் படிக்கிறார் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசையாக இருக்கிறது. அவருடைய வாசகர்கள் அம்மாளிடம் வருவார்கள், அம்மாளைத் தேடி வருகிறவர்கள் அவருடைய பெயரைத் தெரிந்துகொள்வார்கள்.

அரசு பொது நூலகங்களுக்குப் புத்தகம் வாங்குகிற நூலக ஆர்டர் வந்தால் பார்க்கலாம் என்று பலரும் சொல்கிறீர்கள். வரட்டும், நல்லது. ஆனால் அதை நம்பி மட்டும் பட்டியல் போட்டால், எது எடுக்கப்படும் என்ற யூகம்தான் உங்கள் ரசனையின் இடத்தில் வந்து உட்காரும். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியின் மகள் லட்சுமி கிருஷ்ணமூர்த்தி அறுபதுகளில் தொடங்கி நடத்திய வாசகர் வட்டம் சந்தாதாரர்களை முன்கூட்டியே சேர்த்துக்கொண்டு புத்தகம் போட்டது. தி.ஜானகிராமனும் சிட்டியும் காவிரிக்கரையோடு பயணம் செய்து எழுதிய ‘நடந்தாய் வாழி, காவேரி’ அப்படி வந்ததுதான். இன்று முன்பதிவு வாங்குவது அதைவிட எவ்வளவோ சுலபம். வருடத்துக்கு மூன்று பழசு, இரண்டு புதுசு, மொத்தம் ஐந்து புத்தகம், இவ்வளவு ரூபாய் என்று ஒரு சந்தா வையுங்கள். பழைய புத்தகத்தை நம்பிச் சேருகிறவரின் வீட்டுக்குப் புதிய புத்தகமும் போய்ச் சேரும். நான் முதல் ஆளாகச் சேருகிறேன்.

அந்த நாவலைப் பற்றிக் கடைசியாக ஒன்று சொல்லிவிடுகிறேன், 112க்குப் பிறகு 115 வந்த புத்தகம். அது வெளிவந்து எட்டு மாதம் கழித்து, ஒரு சின்ன ஊர் நூலகத்தில், அட்டை போய் நூலால் கட்டியிருந்த ஒரு பழைய பிரதி எனக்குக் கிடைத்தது. அந்தத் தாள் அதில் இருந்தது. அக்காள் எழுதிய கடிதம் ஒன்றரைப் பக்கம் வருகிறது, தங்கையிடம் ஊருக்குத் திரும்பி வராதே என்கிறார். நாவல் முழுக்க எல்லோரும் அவர் வரச் சொல்லி எழுதியதாகவே பேசிக்கொள்கிறார்கள். கடிதத்தைப் படித்த வாசகருக்கு மட்டும்தான் உண்மை தெரியும். இரண்டு பக்கத்தையும் போனில் படம் எடுத்து, தட்டச்சும் செய்து, பதிப்பகத்துக்கு அனுப்பினேன். பதில் வரவில்லை. அவர்களும் இதைப் படிக்கலாம் என்று நினைக்கிறேன். கோப்பு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அடுத்த அச்சுக்குப் போகும்போது ஒரு வார்த்தை சொல்லுங்கள், அன்றைக்கே அனுப்பிவைக்கிறேன். கூலி எதுவும் வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் புரூஃப்காரன்